கிராமத்துப் பாட்டுக்கு ஒரு சங்கம்

1961-ல் அமெரிக்கா முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், கிராமத்துப் பாட்டான கன்ட்ரி இசையை மட்டுமே நாள் முழுக்க ஒலிபரப்பிய வானொலி நிலையங்கள் 81-தான் தேறின. எட்டே ஆண்டுகளில், 1969-ல், அது 606 ஆனது. இன்று இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்த நாட்டில் வேறெந்த இசைவகைக்கும் இத்தனை நிலையங்கள் கிடையாது.

பாட்டு நன்றாக இருந்தது, அதனால் வளர்ந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் 1961-லும் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. பாட்சி கிளைன் பாடிக்கொண்டிருந்தார். ஜானி கேஷும் ஜார்ஜ் ஜோன்ஸும் பாடிக்கொண்டிருந்தார்கள். கேட்பதற்கு ஊர் ஊராக ஜனங்களும் இருந்தார்கள். அந்த ஜனங்களை நம்பி விளம்பரக் காசு கொடுக்க முன்வரும் வியாபாரிதான் இல்லை. அந்த வியாபாரியின் கதவைத் தட்டி, உட்கார வைத்துப் பேசி, மனதை மாற்றியது ஒரு தொழில் சங்கம். அது திறந்த வழியில், வானொலிக்காரர்களுக்கென்றே இன்னொரு சங்கம் பின்னால் வந்தது. இசை வரலாறு எழுதும்போது நாம் பாடகர்களைப் பற்றியே எழுதுகிறோம். பாட்டுக்குக் காற்றில் இடம் வாங்கிக் கொடுத்தவர்கள் கணக்கில் வருவதில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது, அவர்கள் செய்யத் தவறியதையும் பற்றியது.

இன்ஷூரன்ஸ் விற்ற வானொலி

கன்ட்ரி இசைக்கும் வானொலிக்கும் இருக்கும் உறவு பிறப்பிலேயே வியாபார உறவு. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 1925 அக்டோபரில் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தைத் தொடங்கியது ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. அதே ஆண்டு நவம்பர் 28 இரவு, எழுபது வயதைக் கடந்த அங்கிள் ஜிம்மி தாம்சன் என்ற பிடில் கலைஞரை மைக் முன் உட்கார வைத்தார் அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே. அதுதான் பின்னால் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயர் பெற்று, இன்றும் நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சி. சனிக்கிழமை இரவு பண்ணை வீடுகளில் குடும்பமாக உட்கார்ந்து ஆப்ரி கேட்பார்கள். அந்த வீடுகளுக்குப் பாலிசி விற்கப் போகும் ஏஜென்ட், ஆப்ரியின் பேரைச் சொல்லித்தான் வாசலில் அறிமுகம் செய்துகொள்வார். 1932-ல் நிலையத்தின் சக்தி 50,000 வாட் ஆனது. இரவில் மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும் என்பதால், நாஷ்வில்லில் வாசித்த பிடில் பல மாநிலங்கள் தாண்டிக் கேட்டது.

வானொலித் தொழில் ஒன்றுசேர்ந்து எடுத்த ஒரு முடிவு இந்த இசையின் தலையெழுத்தை மாற்றியது முதன்முதலில் 1941-ல். அதற்கு முன், பாட்டுகளின் ராயல்டியை வசூலிக்கும் உரிமை ஏறக்குறைய முழுவதும் ஆஸ்காப் என்ற அமைப்பின் கையில் இருந்தது. நியூயார்க் நாடக மேடைகளுக்கும் ஹாலிவுட்டுக்கும் எழுதியவர்கள்தான் அதில் கோலோச்சினார்கள். மலைக்கிராமத்துப் பாட்டு எழுதுகிறவரையும் புளூஸ் எழுதுகிற கறுப்பினத்தவரையும் அது பெரிதாகச் சீண்டவில்லை. ஆஸ்காப் கட்டணத்தை ஏற்றப் போகிறது என்று தெரிந்ததும், ஒலிபரப்பாளர்கள் கூடி 1939-ல் பி.எம்.ஐ. என்ற போட்டி அமைப்பைத் தொடங்கினார்கள். 1941 ஜனவரி 1 முதல் பெரும்பாலான நிலையங்களில் ஆஸ்காப் பாட்டு ஒன்றுகூட ஒலிக்கவில்லை. மாதக்கணக்கில் இது நீடித்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பப் புதுப் பாட்டு வேண்டுமே! யாரும் சீண்டாத கிராமத்து எழுத்தாளர்களைத் தேடிப் போனது பி.எம்.ஐ. கூரை வீட்டில் இருந்துகொண்டு பாட்டெழுதியவருக்கு ராயல்டி காசோலை வந்தது அதன் பிறகுதான்.

இதே சண்டையில் ஒருவர் நசுங்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆப்ரியின் முதல் கறுப்பின நட்சத்திரம் ஹார்மோனிகா கலைஞர் டிஃபோர்ட் பெய்லி. அவர் வாசித்து முடித்த ஓர் இரவில்தான் நிகழ்ச்சிக்கு அந்தப் பெயரே சூட்டப்பட்டது. அவருடைய புகழ்பெற்ற மெட்டுகள் ஆஸ்காப் வசம் இருந்தன. அவற்றை வாசிக்க முடியாமல் போன 1941-லேயே அவர் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். மீதி வாழ்நாளை நாஷ்வில்லில் ஷூ பாலிஷ் கடை நடத்தித்தான் ஓட்டினார். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் ஏறியது 2005-ல், இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு. தொழிலுக்கு நன்மை செய்த முடிவு எல்லோருக்கும் நன்மை செய்ததாக எண்ணிவிட முடியாது.

பேச ஆள் இல்லாத காலம்

1950-களில் டி.வி. வந்தது. மாலை நேரத்து நேரடி நிகழ்ச்சிகளும் ஸ்பான்சர்களும் டி.வி.க்குப் போய்விட, வானொலி இசைத்தட்டை நம்பி வாழ ஆரம்பித்தது. தட்டைச் சுழற்றும் டிஸ்க் ஜாக்கியே ராஜா ஆனார். 1952-ல் டபிள்யூ.எஸ்.எம். நாடு முழுவதிலுமிருந்து கன்ட்ரி டிஸ்க் ஜாக்கிகளை நாஷ்வில்லுக்கு அழைத்து விழா எடுத்தது. அடுத்த ஆண்டே அவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். டெக்சஸின் லபக் நகரில் முழுநேரக் கன்ட்ரி நிலையம் தொடங்கியதும் அதே 1953-ல்தான்.

பிறகு ராக் அண்ட் ரோல் வந்தது. எல்விஸ் பிரெஸ்லியின் அலையில் இளைஞர்கள் அந்தப் பக்கம் சாய, நிலையங்களும் சாய்ந்தன. கன்ட்ரி நேரம் ஒவ்வொரு ஊரிலும் வெட்டப்பட்டது. டிஸ்க் ஜாக்கிகளின் சங்கத்தால் எதையும் தடுக்க முடியவில்லை. அறிவிப்பாளர் எவ்வளவு பிரியமாகப் பேசினாலும், விளம்பரம் வராத நிகழ்ச்சியை முதலாளி வைத்துக்கொள்ள மாட்டார்.

புதிதாகப் பாட வந்தவர்களின் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு லொரெட்டா லின் ஒரு சாட்சி. 1960-ல் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது ஒரு குட்டிக் கம்பெனி. அவரும் கணவரும் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு, வழியில் தென்பட்ட வானொலி நிலையங்களிலெல்லாம் இறங்கி, தட்டைக் கொடுத்து, போடும்படி கேட்டுக்கொண்டே நாஷ்வில் வரை போனார்கள். தூக்கம் காரில். சாப்பாடு சாண்ட்விச். ஊர் போய்ச் சேருவதற்குள் பாட்டு தேசியப் பட்டியலில் ஏறியிருந்தது. அந்தச் சின்னச் சின்ன நிலையங்கள் இல்லாமல் லொரெட்டா லின் இல்லை. அந்த நிலையங்களோ ஒவ்வொன்றாகக் கன்ட்ரியை விட்டு விலகிக்கொண்டிருந்தன.

விளம்பரக்காரர்களிடம் போன கௌபாய்

1958 நவம்பரில் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் உருவானது. ஓர் இசைவகையை வளர்ப்பதற்கென்றே அமைந்த முதல் தொழில் சங்கம் இதுதான். டிஸ்க் ஜாக்கிகளோடு பதிப்பாளர்கள், இசைத்தட்டுக் கம்பெனிகள், பாடகர்கள், ஏஜென்ட்டுகள் என எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். உறுப்பினர் 233 பேர். கையில் பணம் இல்லை. முதல் நிர்வாக இயக்குநருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் அவர் விலகிப் போக, அலுவலக வேலைக்கு வந்த ஜோ வாக்கர் என்ற பெண்மணி சங்கத்தையே தூக்கிச் சுமந்தார். 1991-ல் ஓய்வு பெறும் வரை அவர்தான் அதன் முதுகெலும்பு. இந்த இசையின் வரலாற்றில் எந்தப் பாடகருக்கும் குறைவில்லாத இடம் அவருக்கு உண்டு என்பது என் கருத்து.

சங்கம் எடுத்த வழி இன்றைக்கும் பாடமாக வைக்கத் தகுந்தது. பாட்டின் பெருமையைப் பற்றி அவர்கள் பேசவில்லை. கேட்கிறவரின் சட்டைப் பையைப் பற்றிப் பேசினார்கள். விளம்பர நிறுவனங்களின் மனதில், கன்ட்ரி கேட்பவர் என்றால் காசில்லாத பட்டிக்காட்டான் என்ற சித்திரம் பதிந்திருந்தது. உண்மை நிலவரம் வேறு. இரண்டாம் உலகப் போரின் போதும் அதன் பிறகும், தென்மாநிலங்களின் பண்ணைகளையும் சுரங்கங்களையும் விட்டு லட்சக்கணக்கானோர் டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் தொழிற்சாலைகளுக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். மாதம் தவறாமல் சம்பளம் வாங்கினார்கள். கார் வாங்கினார்கள், ஃபிரிட்ஜ் வாங்கினார்கள், தவணையில் வீடு வாங்கினார்கள். ஊர் ஞாபகத்துக்குக் கன்ட்ரி கேட்டார்கள். இந்தக் குடும்பங்களைச் சங்கம் சர்வே எடுத்தது. வருமானம், வீடு, வாகனம் என்று எண்ணிக்கையாகத் திரட்டியது.

அந்தக் கணக்கோடு 1963-ல் நியூயார்க் விற்பனை நிர்வாகிகளின் மன்றத்துக்குப் போனார்கள். பேச நிறுத்தியது கௌபாய் படங்களில் நடித்த பாடகர் டெக்ஸ் ரிட்டரை. கணீரென்ற குரல், படிப்பாளியின் பேச்சு. நடுநடுவே நட்சத்திரங்கள் பாட, பாட்டுக்கு இடையில் புள்ளிவிவரம் சொன்னார் அவர். பிறகு கார் கம்பெனிகளின் தலைநகரான டெட்ராய்ட்டிலும் இதே நிகழ்ச்சி நடந்தது. ஒரு நிலையம் முழுநேரக் கன்ட்ரிக்கு மாற நினைத்தால், உள்ளூர் விளம்பரதாரரிடம் காட்ட வேண்டிய தகவல்களைச் சங்கமே தயாரித்துக் கொடுத்தது. கன்ட்ரி நிலையங்கள் பெருகியது இப்படித்தான். 1973-ல் நியூயார்க்கின் டபிள்யூ.ஹெச்.என். நிலையமும், 1975-ல் சிகாகோவின் டபிள்யூ.எம்.ஏ.க்யூ. நிலையமும் கன்ட்ரிக்கு மாறின. ஒரு காலத்தில் இதே நியூயார்க்கில் இந்தப் பாட்டை வாய்விட்டுக் கேலி செய்வார்கள்.

வானொலிக்காரர்களின் திருவிழா

அசோசியேஷன் மொத்தத் தொழிலுக்கும் பொதுவானது. வானொலிக்காரர்களுக்கோ தனிக் கவலைகள். எந்தப் பாட்டை எத்தனை முறை போடுவது, காலை நிகழ்ச்சியை எப்படி அமைப்பது, சின்ன ஊரில் விளம்பரம் எப்படிப் பிடிப்பது? இதைப் பேச டாம் மெக்கென்டீ என்பவரின் முயற்சியில் 1969-70 வாக்கில் பிறந்ததுதான் கன்ட்ரி ரேடியோ செமினார். இதை நடத்தும் அமைப்பின் பெயர் கன்ட்ரி ரேடியோ பிராட்காஸ்டர்ஸ். ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் குளிரில் நாஷ்வில்லில் கூடுகிறார்கள். 2019-ல் ஐம்பதாவது செமினார் நடந்தது. கொரோனாவால் 2021-ல் மட்டும் அவரவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபடி நடத்தினார்கள்.

சில நாள் கூட்டம்தான், ஆனால் அந்தச் சில நாளில் ஒரு வருடத் தொழில் பேசப்படுகிறது. நேயர்களிடம் எடுத்த ஆய்வின் முடிவை மேடையில் வைப்பார்கள். ஸ்ட்ரீமிங் பக்கம் போனவர்கள் வானொலியை எதற்காக இன்னும் வைத்திருக்கிறார்கள், எந்தக் கட்டத்தில் நிலையத்தை மாற்றுகிறார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். நாற்பதாயிரம் பேர் இருக்கும் ஒரு ஊரின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர், பெருநகர நிலையத்தின் பொறுப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். முதல்முறை வரும் இளைஞர்களுக்கு உதவித்தொகை உண்டு. தாழ்வாரங்களில் வரிசையாக மைக் போட்டு, பாடகர்கள் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு நகர்ந்து நகர்ந்து பேட்டி கொடுப்பார்கள். அன்று லொரெட்டா லின் காரில் அலைந்து செய்ததில் பெரும்பகுதியை, இன்று ஒரே ஓட்டலின் ஒரே தளத்தில் செய்துவிட முடிகிறது.

மூத்த அறிவிப்பாளர்களைக் கௌரவிக்கும் கன்ட்ரி ரேடியோ புகழ்க்கூடமும் இந்த அமைப்பின் பொறுப்பில்தான் இருக்கிறது. டபிள்யூ.எஸ்.எம்.-ல் 1957 முதல் 1972 வரை இரவு முழுவதும் விழித்திருந்து பேசிய ரால்ஃப் எமரி போன்றவர்கள் அதில் இருக்கிறார்கள். நள்ளிரவில் லாரி ஓட்டுநருக்கும் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவருக்கும் துணையாக இருந்த குரல் அது. நாஷ்வில் பாடகர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் அவர் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். குரலை மட்டுமே முதலாக வைத்துப் பிழைத்தவர்களை அவர்கள் தொழிலே நினைவில் வைத்திருப்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

செமினாரின் கடைசி இரவு 'நியூ ஃபேசஸ்' என்ற புதுமுகங்களின் மேடை. வானொலிக்காரர்களும் இசைக் கம்பெனிக்காரர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் புதியவர்கள் பாடுவார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் பாட்டைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள். ஒரு பாடகர் வாழ்க்கையில் இதைவிடக் கடினமான சபை அமைவது அரிது. 1980-ல் அலபாமா மாநிலத்து இளைஞர்கள் சிலர், தங்கள் மாநிலத்தின் பெயரையே குழுவின் பெயராக வைத்துக்கொண்டு அந்த மேடை ஏறினார்கள். அதே ஆண்டு ஆர்.சி.ஏ. கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. எண்பதுகளில் கன்ட்ரி இசையின் மிகப் பெரிய குழு அலபாமாதான்.

அந்தக் குழுவின் பாடகர் ராண்டி ஓவன் அந்த மேடைக்குப் பட்ட கடனை மறக்கவில்லை. 1989 செமினாரில் வானொலிக்காரர்கள் முன் நின்று ஒரு கோரிக்கை வைத்தார். மெம்பிஸ் நகரில் நடிகர் டேனி தாமஸ் 1962-ல் தொடங்கிய செயின்ட் ஜூட் மருத்துவமனை, புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை தருகிறது. எந்தக் குடும்பத்துக்கும் பில் கொடுப்பதில்லை. அதற்கு உங்கள் நேயர்களிடம் நன்கொடை கேளுங்கள் என்றார். நிலையங்கள் கேட்டன. வழக்கமான நிகழ்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு ஓரிரு நாள் தொடர்ச்சியாகக் குழந்தைகளின் கதைகளையும் பெற்றோரின் குரலையும் ஒலிபரப்பினார்கள். மாதம் சுமார் 20 டாலர் தருகிறேன் என்று லாரி ஓட்டுநர்களும் ஆசிரியைகளும் போன் செய்தார்கள். இப்படிச் சேர்ந்த தொகை 80 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஒரு சங்கக் கூட்டத்தில் வைத்த ஒரே ஒரு கோரிக்கையிலிருந்து இவ்வளவு பிறந்திருக்கிறது. வானொலிக்கு இனி என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

சங்கத்தின் கை எட்டாத இடம்

1996-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன் ஒரு கம்பெனி நாடு முழுவதிலும் 40 நிலையங்கள்வரைதான் வைத்துக்கொள்ள முடியும். அந்த வரம்பு எடுக்கப்பட்டதும் கிளியர் சேனல் என்ற கம்பெனி 1,200-க்கும் அதிகமான நிலையங்களை வாங்கிக் குவித்தது. கடனும் மலைபோல் ஏறியது. ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்தக் கம்பெனி 2018-லும், இன்னொரு பெரிய கம்பெனியான கியூமுலஸ் 2017-லும் திவால் பாதுகாப்பு கோரின. கடனைக் கட்ட வெட்டியது ஆட்களைத்தான். ஒரே அறிவிப்பாளர் ஓர் ஊரில் உட்கார்ந்து ஏழெட்டு ஊர்களுக்குப் பேசிப் பதிவு செய்து அனுப்பும் வழக்கம் பரவியது. ஊரில் வெள்ளம் வந்தாலும் சூறாவளி வந்தாலும் நிலையத்தில் விளக்கைப் போடக்கூட ஆள் இல்லாத இரவுகள் வந்தன.

கன்ட்ரி ரேடியோ பிராட்காஸ்டர்ஸ் இதைத் தடுக்கவில்லை. தடுக்கும் அமைப்பும் அது இல்லை. அது தொழிலாளர் யூனியனைப் போலச் சம்பளம் பேசுவதில்லை, வேலைநீக்கத்தை எதிர்ப்பதில்லை. அதன் இயக்குநர் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் அதே பெரிய கம்பெனிகளின் அதிகாரிகளும் இசைக் கம்பெனிக்காரர்களும்தான். வேலை போனவர் மறுபடி வேலை தேட அங்கே ஆட்களைச் சந்திக்கலாம். அதற்கு மேல் அந்த அமைப்பிடம் எதிர்பார்ப்பது வீண். அரசியல் சண்டைகளைப் பெரும்பாலும் தேசிய ஒலிபரப்பாளர் சங்கம் பார்த்துக்கொள்கிறது. மின்சாரக் கார்களில் சில கம்பெனிகள் ஏ.எம். ரேடியோவை எடுத்துவிட்டபோது எதிர்த்துப் போராடியது அதுதான். ஃபோர்டு கம்பெனி 2023-ல் தன் முடிவை மாற்றிக்கொண்டது.

எனக்கு உண்மையான வருத்தம் வேறிடத்தில். வானொலியும் இசைக் கம்பெனியும் ஒரே மேசையில் உட்காரும்போது, யாருடைய பாட்டு காற்றில் வரும் என்பதை அந்த மேசையே தீர்மானிக்கிறது. காசு வாங்கிக்கொண்டு அதைச் சொல்லாமல் பாட்டுப் போடுவதை 1960-லேயே சட்டம் தடுத்துவிட்டது. ஆனாலும், நிலையம் நடத்தும் விழாவில் பாடகர்களை இலவசமாகப் பாட வைத்துப் பதிலுக்குப் பாட்டைப் போடுகிறார்களா என்று 2025 பிப்ரவரியில் அரசின் தகவல்தொடர்பு ஆணையம் ஐஹார்ட்மீடியாவைக் கேட்டது.

பெண் குரலின் கதை இன்னும் மோசம். கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர் ஜேடா வாட்சன் எண்ணிப் பார்த்தார். 2000-ல் கன்ட்ரி வானொலியின் ஆண்டு இறுதிப் பட்டியலில் பெண்களின் பாட்டு மூன்றில் ஒரு பங்கு. 2018-ல் அது 11.3 சதவீதம். பெண்களின் பாட்டை அளவாகப் போடுங்கள், அடுத்தடுத்துப் போடாதீர்கள் என்று 2015-ல் ஓர் ஆலோசகர் வெளிப்படையாகவே அறிவுரை சொன்னார். சாலட்டில் போடும் தக்காளியோடு அவர்களை ஒப்பிட்டார். அவர் சொன்னது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. நிகழ்ச்சி அறைகளில் நெடுங்காலமாக நடந்துவந்த வழக்கத்தைத்தான் சொன்னார். பெரிய கண்டனம் எழுந்த பிறகும் எண்ணிக்கை கீழேதான் போனது.

நிறத்தின் கதை அதற்கும் முந்தியது. 1966-ல் சார்லி பிரைடின் முதல் இசைத்தட்டுகளை நிலையங்களுக்கு அனுப்பியபோது புகைப்படம் வைக்காமல் அனுப்பினார்கள். அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்தால் போடமாட்டார்கள் என்ற பயம். ஐந்தே ஆண்டுகளில் அசோசியேஷனின் உச்ச விருதை அவர் வாங்கினார். 2024-ல் பாடகி பியான்சே கன்ட்ரி பாட்டு வெளியிட்டபோது, ஓக்லஹோமாவின் ஒரு சிறிய நிலையம் நேயர் விருப்பத்தை முதலில் மறுத்தது. ரசிகர்கள் மின்னஞ்சல்களைக் கொட்டிய பிறகு போட்டது. பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் அவர். வானொலி ஒலிபரப்பை மட்டும் எண்ணும் பட்டியலிலோ அந்தப் பாட்டு முதல் இருபதுக்குள்கூட நுழையவில்லை.

பெண்கள் பாடினால் பெண் நேயர்களே நிலையத்தை மாற்றிவிடுவார்கள் என்ற நம்பிக்கை இந்தத் தொழிலில் இருக்கிறது. இது உண்மைதானா? கேட்டே பழகாத குரலைப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அதை அவருடைய ரசனை என்று கொள்வதா, அவருக்கு மறுக்கப்பட்ட வாய்ப்பு என்று கொள்வதா? இதைப் பல ஊர்களில், பல மாதங்கள், நேர்மையாகச் சோதித்துப் பார்க்க ஒரு தனி நிலையத்தால் முடியாது. ஆய்வு நடத்தும் வசதியும், அதைக் கேட்க வேண்டிய அத்தனை பேரையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்கும் செல்வாக்கும் கன்ட்ரி ரேடியோ பிராட்காஸ்டர்ஸ் அமைப்புக்குத்தான் இருக்கிறது. கம்பெனிகள் முகம் சுளித்தாலும், அது இந்தச் சோதனையை நடத்தி, முடிவை எல்லா நிலையங்களின் முன்னும் வைக்க வேண்டும்.